கொலாஜனேஸ்: இறால் தலையிலும் புண் களிம்பிலும் ஒரே வேலை

பாம்பன் தெற்குவாடியில் கூறல் கத்தாழை கரைக்கு வரும் நாளில், ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவது பெரும்பாலும் மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். நெட்டி என்று மீனவர்கள் சொல்லும் அந்தப் பையைத் தனியே எடுத்து, கழுவி, உலர்த்தி ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். காய்ந்த நெட்டி மங்கிய மஞ்சளாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். கையால் இழுத்தால் எளிதில் கிழியாது. அதையே நீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் இளகிப் பசையாகி விரலில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு இயல்புகளுக்கும் காரணம் கொலாஜன் என்ற ஒரே புரதம். மனித உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இதுவே. தோல், எலும்பு, தசைநாண், இரத்தக் குழாயின் சுவர், ஈறு, கண்ணின் கார்னியா என உடலைக் குலையாமல் பிடித்து வைத்திருக்கும் இணைப்புத் திசுக்கள் அனைத்திலும் அது இருக்கிறது.

நெட்டியை வேக வைத்து இளக்கலாம். உயிருள்ள உடலை அப்படிச் செய்ய முடியாது. ஆயினும் உடல் தன் கொலாஜனைத் தானே உடைத்தாக வேண்டிய தருணங்கள் பல உண்டு. காயம் ஆறும்போதும், குழந்தையின் எலும்பு வளரும்போதும், பிரசவத்துக்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கும்போதும் முன்பிருந்த இழைகள் நீங்கினால்தான் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும். அந்த வேலையைச் செய்யும் நொதியே கொலாஜனேஸ். மருத்துவத்தில் அது புண்ணில் தடவும் களிம்பாகவும், ஊசி மருந்தாகவும், உறுப்புகளிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுக்கும் துணைப்பொருளாகவும் பயன்படுகிறது. இந்தப் பயன்களும், அவற்றோடு வரும் ஆபத்துகளும், அந்த நொதி எதை வெட்டும், எதை வெட்டாது என்ற ஒரே கேள்வியில் அடங்கியிருக்கின்றன என்பது என் கருத்து.

கொலாஜனை வெட்டுவது ஏன் கடினம் என்பதை விளக்கியதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் கொலாஜனின் மூவிழை அமைப்பை முன்மொழிந்தார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதாகக் காட்டினார்கள். வள்ளங்களில் நங்கூரத்துக்குக் கட்டும் மூன்று புரிக் கயிற்றைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கயிற்றின் ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக முறுக்கப்படுவதால்தான் அது பிரியாமல் நிற்கிறது; கொலாஜனிலும் தனி இழை இடப்பக்கமாகவும் மூன்றின் கூட்டு முறுக்கு வலப்பக்கமாகவும் அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் இழையிலும் சுமார் 1,000 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின். மிகச் சிறிய அமினோ அமிலமான அது மட்டுமே முறுக்கின் நடுவில் இருக்கும் இடுக்கில் பொருந்தும்.

இவ்வளவு இறுக்கமான முறுக்குக்குள் நம் இரைப்பையின் பெப்சினாலோ கணையத்தின் டிரிப்சினாலோ உடல் வெப்பநிலையில் நுழைய முடிவதில்லை. சமைத்த கறியில் உள்ள கொலாஜனை நாம் செரிப்பது வேறு கதை. சூட்டில் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிட்ட பிறகு எந்தப் புரத நொதிக்கும் அது இரைதான். அவிழாத கொலாஜனை அப்படியே வெட்டக்கூடியதற்கு மட்டுமே கொலாஜனேஸ் என்ற பெயர் பொருந்தும்.

உயர் விலங்குகளின் உடலிலேயே அத்தகைய நொதி இருக்கிறது என்பதை ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லப்பியேர் என்ற இருவர் 1962-ல் காட்டினார்கள். தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் சில நாட்களில் காணாமல் போகிறது. அந்த வாலில் இருந்த கொலாஜன் எங்கே போனது என்பதே அவர்களின் கேள்வி. வால் துணுக்குகளைக் கொலாஜன் கூழின் மேல் வைத்து வளர்த்தபோது, துணுக்கைச் சுற்றி இருந்த கலங்கலான கூழ் கரைந்து தெளிந்தது. பின்னர் மனித உடலிலும் இதே வகை நொதிகள் கண்டறியப்பட்டன. வெட்டும் வேலை நடக்கும் இடத்தில் துத்தநாக அணுவைக் கொண்ட இவை இழைகளைச் சற்றே அவிழ்த்து, மூன்றையும் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டுகின்றன. முக்கால் பங்கு ஒரு துண்டாகவும் கால் பங்கு மற்றொரு துண்டாகவும் பிரிந்ததும், அத்துண்டுகளால் உடலின் சூட்டைத் தாங்க முடியாமல் முறுக்கு அவிழ்ந்துவிடுகிறது. மிச்ச வேலையை ஜெலட்டினை வெட்டும் வேறு நொதிகள் முடிக்கின்றன.

இந்தக் கடற்கரையில் இதே வேலை கண்முன் நடப்பதை இறால் கம்பெனிகளில் பார்க்கலாம். பனிக்கட்டிக்கு நடுவில் உட்கார்ந்து பெண்கள் இறாலின் தலையைக் கிள்ளி எறியும் வேகத்துக்குக் கூலிக் கணக்கு ஒரு காரணம். இறாலின் உடற்கூறு மற்றொரு காரணம். இறாலின் செரிமானச் சுரப்பி தலைப்பகுதிக்குள் இருக்கிறது. இறால் செத்ததும் அச்சுரப்பியின் நொதிகள் கசிந்து, தலையை ஒட்டிய சதைக்குள் இறங்கி, தசை நார்களைக் கட்டியிருக்கும் கொலாஜனைத் தின்னத் தொடங்குகின்றன. நாற்றம் வருவதற்கு முன்பே சதை குழைந்துவிடும். நன்னீர் இறாலில் இது மிகுதியாக ஆராயப்பட்டிருக்கிறது. சாளை மீன் வயிறு வெடித்துப்போவதிலும் செரிமான நொதிகளின் கைவரிசை உண்டு. பனிக்கட்டி போடுவது கிருமிகளுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நொதியின் வேகத்தைக் குறைப்பதும் அதே பனிக்கட்டிதான்.

இறால், நண்டு இனங்களின் இந்த நொதி துத்தநாகத்தை நம்பாத வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்து, சேற்றில் வளை தோண்டி வாழும் சிறு நண்டின் அமெரிக்க இனம் ஒன்றில்தான் அது முதலில் தெளிவாக விவரிக்கப்பட்டது. அதன் உறவினங்கள் காரங்காட்டு அலையாத்திச் சேற்றிலும் வளை தோண்டிக்கொண்டிருக்கின்றன. ரஷ்யாவில் பெரிய அரச நண்டின் செரிமானச் சுரப்பியிலிருந்து எடுத்த கொலாஜனேஸைப் புண்களைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளின் பின்வாசலில் கழிவாகக் குவியும் தலைகளையும் ஓடுகளையும் பார்க்கும்போது இச்செய்தி எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. ஆனால் கழிவிலிருந்து மருந்து என்பது எழுதுவதற்குத்தான் எளிது. தூய்மைப்படுத்துவதும், தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறாமல் காப்பதும் மீன் வாடியில் ஆகிற காரியமல்ல.

உலகெங்கும் இன்று மருந்தாகப் பயன்படும் கொலாஜனேஸ் வந்தது கடலிலிருந்து அல்ல, போர்க்களத்திலிருந்து. முதல் உலகப் போரில் வீரர்களின் காயங்கள் வாயு அழுகல் என்ற கிருமித் தொற்றால் சதை குழைந்து போனபோது, அவற்றிலிருந்து 1916-ல் வைன்பெர்க், செகன் ஆகியோர் ஒரு பாக்டீரியத்தைப் பிரித்தெடுத்தார்கள். கிளாஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிடிகம் என்று பெயரிடப்பட்ட அது உயிருள்ள திசுவையே கரைக்க வல்லது. அந்த அழிவாற்றலின் மையத்தில் இருந்த நொதியை 1950-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இனெஸ் மண்டல் என்ற வேதியியலாளர் பிரித்துத் தூய்மைப்படுத்தினார். மனித நொதி ஓரிடத்தில் மட்டும் வெட்டி ஒதுங்கிக்கொள்ளும் என்றால், இந்தப் பாக்டீரிய நொதி முறுக்கப்பட்ட இழையைப் பல இடங்களில் துண்டு துண்டாக நறுக்கும். நோயை உண்டாக்கும் கிருமிக்கு அது ஆயுதம். கிருமியை நீக்கிவிட்டு நொதியை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டால் மருந்து.

அந்த மருந்து மிகுதியும் தேவைப்படுவது ஆறாத புண்களுக்கு. இராமநாதபுரம் கடற்கரையில் காலில் காயம் படுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் பார்க்கல் கிழிக்கத்தான் செய்கிறது. வலை இழுப்பவர்கள் சுடுமணலில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். இராமேசுவரத்துக்கு வரும் பக்தர்கள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரக் காலோடு கற்தளத்தில் நடக்கிறார்கள். உணர்ச்சி உள்ள காலுக்கு இவை ஒரு பொருட்டல்ல. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை நோய் இருந்து பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குக் கொப்புளம் உடைந்ததே தெரியாது. கால் துடைக்கும் சாக்கில் இரத்தக் கறையைப் பார்த்து வீட்டில் யாரேனும் சொன்னால்தான் உண்டு.

அத்தகைய புண்ணின் அடியில் வெண்மஞ்சள் நிறத்தில், துடைத்தாலும் வராத ஒரு படலம் ஒட்டியிருக்கும். பலர் இதைச் சீழ் என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் செத்த திசு. தோலின் உலர் எடையில் ஏறத்தாழ 75 விழுக்காடு கொலாஜன் என்பதால், உயிரணுக்கள் செத்த பின்னும் அவற்றைத் தாங்கியிருந்த இழைகள் அறுபடாமல் நின்று, செத்த திசுவைப் புண்ணின் அடித்தளத்தோடு கட்டிப் போட்டிருக்கின்றன. அந்தப் படலம் இருக்கும் வரை கிருமிகளுக்கு உணவும் மறைவிடமும் கிடைக்கும். கீழிருந்து சிவந்த புதுச்சதை துளிர்க்காது. கொலாஜனேஸ் களிம்பு அந்தக் கட்டிழைகளை வெட்டிவிடுகிறது. சில நாட்களில் படலத்தின் ஓரம் தளர்ந்து, கட்டு மாற்றும்போது துணியோடு வந்துவிடும். அமெரிக்காவில் இக்களிம்புக்கு 1965-லேயே அனுமதி கிடைத்தது. ஒரு கிராமுக்கு 250 அலகு என்பது அதன் வீரியம்.

பப்பாளிக்காயைக் கறியோடு சேர்த்து வேக வைக்கும் பழக்கம் உள்ள நமக்கு, பப்பாளியின் பப்பாயின் நொதியிலிருந்தும் புண் களிம்பு செய்யலாம் என்பது வியப்பளிக்காது. அத்தகைய களிம்புகள் நம் நாட்டில் புழக்கத்தில் உண்டு. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2008-ல் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. பப்பாயின் பல வகைப் புரதங்களை வெட்டக்கூடியது. கொலாஜனேஸ் கொலாஜனை மட்டுமே நாடுகிறது. புதிதாகத் துளிர்க்கும் சதையை அது தாக்குவதில்லை என்று மருந்துக் குறிப்பு சொல்கிறது. காரியம் மெதுவாகத்தான் நடக்கும். அறுவை மருத்துவர் கத்தியால் ஒரே அமர்வில் அகற்றுவதை இக்களிம்பு செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். இரத்தம் எளிதில் உறையாதவர்கள், மயக்க மருந்தைத் தாங்க முடியாத முதியவர்கள், அறுவை வசதிக்காக வெகுதூரம் போக வேண்டியவர்கள் ஆகியோருக்கு அந்தத் தாமதம் ஏற்கத்தக்கதாக இருக்கும்.

கையாளும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. அது நம் ஊர்ப் பழக்கத்தோடு நேராக மோதுகிறது. நொதி என்பது புரதம். வெள்ளி அயனியும் அயோடினும் அதன் செயலைக் கெடுத்துவிடும். அமிலத்தன்மை மிகுந்தாலும் அது வேலை செய்யாது. நம் வீடுகளில் புண் என்றதும் கை போவது பழுப்பு நிற அயோடின் மருந்துக்கு. தீப்புண் என்றால் வெள்ளி கலந்த வெண்களிம்புக்கு. அவற்றின் மேலேயே கொலாஜனேஸ் களிம்பைப் பூசினால், வாங்கிய காசு புண்ணில் கரைந்ததுதான் மிச்சம். சாதாரண சலைனால் நன்றாகக் கழுவிவிட்டு, ஈரம் முற்றிலும் காயாத புண்ணில், நாளுக்கு ஒரு முறை, சுமார் 2 மி.மீ. கனத்துக்குப் பூச வேண்டும். கறுத்து, காய்ந்து, ஓடுபோல் இறுகிய பகுதிக்குள் நொதி ஊடுருவாது. மருத்துவர் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறிவிட்ட பிறகே பூசுவார். புதுச்சதை படர்ந்துவிட்டால் களிம்பை நிறுத்திவிட வேண்டும்.

இந்த நொதி கிருமியைக் கொல்லாது. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்காது. பாதத்துக்கு இரத்தமே போகாமல் விரல் கறுத்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரத்த ஓட்டத்தை. அப்படிப்பட்ட காலில் காய்ந்து கிடக்கும் கறுப்பு ஓட்டை இளக்குவது நோயாளிக்குத் தீங்காகவே முடியலாம். களிம்பை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, காலில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்க்காமல் விடுவதை நல்ல மருத்துவம் என்று சொல்ல மாட்டேன்.

ஊசி மருந்தாக இதே நொதி 2010 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உள்ளங்கையில் தோலுக்கடியில் கொலாஜன் தடித்துக் கயிறுபோல் திரண்டு, விரலை மடக்கி இழுத்து, நிமிர்த்தவே முடியாமல் செய்யும் டூபிட்ரன் சுருக்கம் என்ற நோய்க்கு அந்த மருந்து. தடித்த நாணுக்குள் 0.58 மி.கி. செலுத்தி, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவர் விரலைப் பிடித்து நிமிர்த்துவார். பல நேரம் நாண் அறுபடும் ஒலியே கேட்கும். 308 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2009-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், நொதி பெற்றவர்களில் 64 விழுக்காட்டு மூட்டுகள் ஏறக்குறைய முழுதாக நிமிர்ந்தன. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 6.8 விழுக்காடு. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோய் நம்மிடையே அரிது. வலையும் கயிறும் இழுத்து இழுத்து விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் மீனவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது வேறு. தசைநாணைச் சுற்றியுள்ள உறை இறுகி, விரல் 'டக்'கென்று விடுபடும் அந்தக் கோளாறுக்கு இந்த ஊசி மருந்தல்ல. சர்க்கரை நோயால் விரல் மூட்டுகள் விறைப்பதும் வேறு. இணையத்தில் படித்துவிட்டு இந்த ஊசியைக் கேட்டு வருவோர் முதலில் தமக்கு இருப்பது எது என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது.

உள்ளங்கை போன்ற நெருக்கமான இடத்தில், நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் பக்கத்தில், சதையைக் கரைக்கும் ஒரு பொருளைச் செலுத்தத் துணிந்ததற்கு அடிப்படை ஒன்று உண்டு. கொலாஜனில் பல வகைகள் இருக்கின்றன. தடித்த நாணில் இருப்பவை முதல் வகையும் மூன்றாம் வகையும். நரம்பையும் நுண்ணிய இரத்தக் குழாயையும் சூழ்ந்திருக்கும் அடிச்சவ்வு நான்காம் வகையால் ஆனது. அது கயிறாக அல்லாமல் வலையாகப் பின்னப்பட்டிருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் நொதி அதைப் பெரிதும் விட்டுவிடுகிறது. ஆனால் தசைநாணும் முதல் வகைக் கொலாஜனே. ஊசிமுனை நாணைத் தாண்டிப் பக்கத்திலுள்ள தசைநாணில் இறங்கினால், நொதிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அரிதாகச் சிலருக்குத் தசைநாண் அறுந்ததும் அதனால்தான். ஆண்குறி வளைந்துபோகும் பெய்ரோனி நோய்க்கு 2013-ல் அனுமதி கிடைத்தபோது, உறுப்பின் உறை கிழியக்கூடும் என்ற கடுமையான எச்சரிக்கையும் கூடவே வந்தது. பிட்டத்தில் விழும் குழிகளைச் சமன்படுத்த என்று 2020-ல் அனுமதி பெற்ற அழகு ஊசி, மிகுந்த கன்றலும் நீங்காத நிறமாற்றமும் ஏற்படுவதாகக் கவலை எழுந்ததால் 2022-ல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. நோய்க்காக ஏற்றுக்கொள்ளும் பக்கவிளைவை அழகுக்காக யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதை முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

நான்காம் வகையை விட்டுவைப்பது எவ்வளவு பெரிய நன்மை என்பதைக் கடல் வேறொரு விதத்தில் காட்டுகிறது. வெதுவெதுப்பான உப்பங்கழி நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியம் நண்டுக் கொடுக்கோ மீன் முள்ளோ குத்திய காயத்தின் வழியே உள்ளே போகக்கூடும். அது சுரக்கும் புரத நொதி நான்காம் வகைக் கொலாஜனையே வெட்டுவதால் நுண்குழாய்களின் சுவர் சிதைந்து, சதைக்குள் இரத்தம் கசிந்து, தோலில் கருநீலக் கொப்புளங்கள் எழுகின்றன. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது உயிரைக் குடிக்கும் வேகத்தில் பரவும். கடலில் பட்ட காயம் சில மணி நேரத்தில் வீங்கி, அளவுக்கு மீறி வலித்து, நிறம் மாறினால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோயாளியின் உடலில் நேரடியாகப் படாமலே நடக்கும் பயனும் ஒன்று உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அதன் எடையில் ஓரிரு விழுக்காடுதான். மிச்சமெல்லாம் செரிமானச் சுரப்பி. இறந்தவர் தானமாகத் தந்த கணையத்தின் குழாய் வழியே கொலாஜனேஸைச் செலுத்தி, உடல் சூட்டில் மெதுவாகக் குலுக்கினால், இணைப்பு இழைகள் கரைந்து திட்டுகள் உதிர்ந்து வரும். அவற்றைக் கல்லீரலுக்குள் செல்லும் இரத்தக் குழாயில் செலுத்துவார்கள். கனடாவின் எட்மன்டனில் இம்முறையில் ஏழு நோயாளிகள் இன்சுலின் ஊசியின்றி இருந்ததாக 2000-ல் அறிவிக்கப்பட்டது. நொதியைச் சற்று அதிக நேரம் விட்டால் திட்டுகளே சிதையும். முன்கூட்டியே நிறுத்தினால் அவை பிரியாது. சரியான நேரத்தில் குளிர்வித்து, நீர்க்கச் செய்து நிறுத்துவதில்தான் திறமை இருக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில் மிகச் சிலருக்கே இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சில நோய்களில் இந்த நொதியை அடக்குவதே மருத்துவம். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றும்போதோ வெள்ளையடிக்கும்போதோ கண்ணில் தெறித்துவிட்டால், காரம் சுட்டதோடு நிற்பதில்லை. காயத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்களும் கார்னியாவின் உயிரணுக்களும் விடுவிக்கும் கொலாஜனேஸ், அடுத்த சில வாரங்களில் கார்னியாவையே கரைத்து ஓட்டையாக்கிவிடலாம். தெறித்த அந்த நிமிடமே இமையைத் திறந்து பிடித்து, துகள் இல்லாமல் போகும் வரை நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுவது முதல் வேலை. பிறகு கண் மருத்துவர் தரும் மருந்துகளில் டாக்ஸிசைக்ளின் இருந்தால், அது கிருமிக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கொலாஜனேஸைத் தடுக்கின்றன என்பதை 1980-களில் லார்ன் கோலப் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் கண்டறிந்தார். ஈறு கரைந்து பல் ஆடும் நோயில் ஈற்றின் கொலாஜனை வெட்டுவது பெரும்பாலும் நம் வெள்ளணுக்களின் நொதியே என்பதால், 20 மி.கி. டாக்ஸிசைக்ளினை நாளுக்கு இரு வேளை கொடுக்கும் முறைக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த அளவு கிருமியைக் கொல்லப் போதாது. நொதியை அடக்கப் போதும்.